மூக்கு மறைத்த கண்

(மும்பை வடாலாவில், நாய் வளர்ப்பவர்களும் காவல் பணியில் இருப்பவர்களும் கூடிய அவையில் ஒரு கால்நடை மருத்துவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



1993 மார்ச் 12-ஆம் தேதி இந்த நகரத்தில் அடுத்தடுத்துக் குண்டுகள் வெடித்தன. அன்று எங்கே இருந்தோம், யாரைத் தேடி ஓடினோம் என்பதை இங்கே இருக்கும் பெரியவர்கள் இன்றைக்கும் சொல்வார்கள். அதற்கு அடுத்த சில நாள்களில், தன்ஜி தெருவில் கேட்பாரற்று நின்ற ஒரு ஸ்கூட்டரைக் காட்டிக் கொடுத்தது மும்பை போலீஸின் ஜஞ்சீர் என்ற லாப்ரடார் நாய். அந்த ஸ்கூட்டரில் இருந்தது வெடிமருந்து. பணிக்காலத்தில் ஜஞ்சீரின் துணையால் பிடிபட்டவை 3,329 கிலோ ஆர்.டி.எக்ஸ்., 600 டெட்டனேட்டர்கள், 249 கையெறி குண்டுகள், 6,406 தோட்டாக்கள் என்று கணக்குச் சொல்கிறார்கள். 2000 நவம்பரில் புற்றுநோயால் அது இறந்தபோது காவல்துறை மலர்வளையம் வைத்து, முழு மரியாதையோடு அடக்கம் செய்தது.

அத்தனையும் மூக்கின் வேலை. அந்த மூக்கைக் கொண்டாடியது நியாயம்தான். ஆனால் மூக்குக்கு நாலு விரற்கடை மேலே இருக்கும் கண்ணை நாம் பார்ப்பதே இல்லை. இன்றைக்கு நான் பேச வந்திருப்பது அந்தக் கண்ணைப் பற்றித்தான்.

வேலை நாய் என்றால் போலீஸ் நாய் மட்டும்தான் என்று நினைத்துவிட வேண்டாம். ரயில்வே பாதுகாப்புப் படையிடம் நாய்கள் இருக்கின்றன. விமான நிலையத்தைக் காக்கும் மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படையிடம் இருக்கின்றன. இவற்றுக்குச் சீருடை போட்ட ஆள் உண்டு. பெரும்பாலும் ஒரு நாய்க்கு இரண்டு கையாளர்கள். மருத்துவர் உண்டு, பதிவேடு உண்டு. வடாலா ட்ரக் டெர்மினலில் இரவெல்லாம் லாரிகளுக்கு நடுவே படுத்துக் கிடந்து, தெரியாத கால் சத்தம் கேட்டதும் எழுந்து குரைக்கிற நாய்க்கு இவை எதுவும் கிடையாது. நாமக்கல்லிலிருந்து சரக்கு ஏற்றி வந்த ஓட்டுநர் வண்டிக்குள் நிம்மதியாகத் தூங்குவது அந்த நாயை நம்பித்தான். துறைமுக நிலத்துக் குடோன்களிலும், கட்டட வேலை நடக்கும் இடங்களிலும், உப்பளத்தை ஒட்டிய கொட்டகைகளிலும் இப்படித்தான். சம்பளம் ரொட்டித் துண்டு. அந்த நாய்களும் வேலை நாய்கள்தான் என்பது என் கட்சி. இன்றைக்கு நான் சொல்வதில் பெரும்பகுதி அவற்றுக்காகவே.

நம் ஊர்ப் பக்கம் வாருங்கள். ராமநாதபுரம் சீமையில் ஆட்டுக்கிடை போடும் கீதாரியின் நாய், விருதுநகர், தூத்துக்குடிப் பக்கத்துச் சிப்பிப்பாறையும் கன்னியும், 2005-இல் இந்திய அஞ்சல் துறை தபால்தலையில் போட்டுப் பெருமைப்படுத்திய ராஜபாளையம், தேனிப் பக்கத்துக் கோம்பை எல்லாமே வேலைக்கென்று வளர்க்கப்பட்டவை. சீமைக் கருவேலங்காட்டுக்குள் ஓடுகிற நாய்க்கு முள் எங்கே குத்தும்? காலில் குத்தினால் நொண்டும், நாம் பார்ப்போம். கண்ணில் குத்தினால் அது கண்ணை மூடிக்கொண்டு ஓடும். நாம் பார்க்க மாட்டோம்.

மனிதனுக்கு ஒரு கண் மங்கினால் அன்றைக்கே தெரிந்துவிடுகிறது. படிக்க முடியவில்லை, படி தடுக்குகிறது என்று சொல்கிறான். நாய் உலகத்தை முதலில் மோந்து அறிகிறது, பிறகு கேட்டு அறிகிறது. பழகிய இடத்தில் பார்வை பாதி போனாலும் அதன் நடை மாறாது. மோப்ப நாய் இன்னும் ஒரு படி மேலே. பெட்டியை மோந்து பார்க்கச் சொன்னால் ஒரு கண்ணை மூடிக்கொண்டே மோந்து, சரியாக உட்கார்ந்து காட்டும். கையாளர் மகிழ்ந்து தட்டிக் கொடுப்பார். வேலை குறையவில்லை, அதனால் நாய்க்கு ஒன்றுமில்லை என்று அவர் முடிவு கட்டிவிடுகிறார். மூக்கு அவ்வளவு நன்றாக வேலை செய்வதாலேயே கண்ணின் நோய் நாள்கணக்கில் மறைந்து கிடக்கிறது. கண்ணிலோ நாள் என்பது பெரிய அவகாசம். சில புண்கள் ஒரு பகல் ஒரு இரவுக்குள் கண்ணைத் துளைத்துவிடும்.

ஆகையால் நான் கேட்டுக்கொள்வது இதுதான். நாயின் கண் சிவந்தால், நீர் வடிந்தால், கையில் கிடைத்த சொட்டு மருந்தை ஊற்றாதீர்கள். கருவிழியில் புண் இருக்கிறதா என்று அன்றைக்கே ஒரு மருத்துவரைக் கொண்டு பாருங்கள். முதலில் போடும் சொட்டு சரியாக இருந்தால் பெரும்பாலான கண்கள் பிழைத்துவிடும். தவறாக இருந்தால், பின்னால் எவ்வளவு பெரிய மருத்துவர் வந்தாலும் அவர் செய்யக்கூடியது குறைவு.

கண்ணுக்கு முன்னால் இருக்கும் தெளிவான திரையைத்தான் இங்கே கருவிழி என்கிறேன். நாய்க்கு அதன் கனம் சுமார் அரை மில்லிமீட்டரிலிருந்து முக்கால் மில்லிமீட்டருக்குள். நம் கைவிரல் நகத்தின் கனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் ரத்தக் குழாய் கிடையாது, இருந்தால் வெளிச்சம் தெளிவாகப் புகாது. ரத்தம் நேரே வராததால் அங்கே காயம் ஆற உதவி மெல்லத்தான் வந்து சேர்கிறது. ஆனால் நரம்பு நிறைய உண்டு, அதிலும் மேற்பரப்பில் மிக நெருக்கமாக. அதனால்தான் சின்னக் கீறலுக்கே நாய் துடித்துப் போகிறது. ஆழமான புண்ணில் சில நேரம் வலி குறைந்த மாதிரி இருக்கும். அதைக் குணம் என்று எண்ணிவிடக் கூடாது.

வடாலாவில் கண்ணைக் கெடுக்க எத்தனை வழி என்று எண்ணிப் பாருங்கள். ஈஸ்டர்ன் ஃப்ரீவே 2013-இல் திறந்தது, லாரிப் போக்குவரத்து ஓயவில்லை. தாணேப் பக்கம் போகும் மெட்ரோ நான்காம் தடத்துக்காகத் தோண்டி, சிமெண்ட் கலந்து, தூண் எழுப்பியிருக்கிறார்கள். சிமெண்ட் தூசி காரம். ஈரத்தில் பட்டால் சுடும். உப்பளத்துப் பக்கத்துக் காற்று வேறு. பூனை நகம் இன்னொன்று. குட்டி நாய் பூனையிடம் ஆசையாக மூஞ்சியை நீட்டும். ஆபத்து நெருங்கும்போது கண்ணைச் சிமிட்ட வேண்டும் என்ற பழக்கம் பிறந்து இரண்டரை, மூன்று மாதம் வரை குட்டிக்கு வந்திருக்காது. பூனையின் நகம் கருவிழியைத் தாண்டி உள்ளே லென்ஸ் வரை கிழித்த குட்டிகளை நான் பார்த்திருக்கிறேன். வெளியே பார்த்தால் ஊசி முனை அளவுக் காயம்தான் தெரியும்.

எல்லாவற்றிலும் மோசமானது சுண்ணாம்பு. பீடாக் கடையில் கிடக்கும் சுண்ணாம்பு, வெள்ளையடிக்க ஊறவைத்த சுண்ணாம்பு, இரண்டும் காரம். அமிலம் பட்டால் மேல்திசுவை உறையவைத்து ஓரளவு தானே நின்றுவிடும். காரம் திசுவைக் கரைத்துக்கொண்டு உள்ளே போய்க்கொண்டே இருக்கும். சுண்ணாம்போ சிமெண்டோ பட்டால் மருத்துவரைத் தேடி ஓடுவதற்கு முன்னால், நிற்கும் இடத்திலேயே கழுவுங்கள். இமைக்குள் கட்டி இருந்தால் ஈரத்துணி முனையால் எடுத்துவிட்டு, சுத்தமான தண்ணீரை, சலைன் பாட்டில் கிடைத்தால் சலைனை, விடாமல் இருபது முப்பது நிமிடம் கண்ணில் ஊற்றுங்கள். குழாய்த் தண்ணீரானாலும் பரவாயில்லை. நல்ல தண்ணீர் தேடி ஐந்து நிமிடம் போக்குவதை விட அந்தத் தண்ணீரே மேல். கழுவிய பிறகு வண்டியைப் பிடியுங்கள். காரத்துக்கு மாற்று என்று எலுமிச்சைச் சாறு பிழிகிறவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம்.

முள் குத்தி நிற்கிறதா? பிடுங்காதீர்கள். கண்ணைத் துளைத்து நிற்கும் முள் பல நேரம் அந்த ஓட்டையை அடைத்துக்கொண்டும் இருக்கிறது. பிடுங்கினால் உள்ளே இருக்கும் நீர் வெளியே வந்து கண் சுருங்கிவிடும். நாய் காலால் தேய்க்காமல் பார்த்துக்கொண்டு அப்படியே கொண்டு போங்கள்.

வலியில் இருக்கும் நாய், எவ்வளவு பழகியதானாலும், கடிக்கும். பயிற்சி பெற்ற நாயும் கடிக்கும். அகலமான துணிநாடாவால் மூஞ்சியைச் சுற்றிக் கட்டிவிட்டுத்தான் கண்ணைத் தொட வேண்டும். தெருவில் கிடக்கும் அறியாத நாய், எச்சில் ஒழுக, விழுங்க முடியாமல், தள்ளாடினால் அதைத் தொடவே கூடாது, வெறிநோயாக இருக்கலாம். கடித்துவிட்டால் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவி, அன்றைக்கே ஊசிக்குப் போங்கள். நாயின் கண்ணைக் காப்பாற்றப் போய் மனித உயிரைக் கொடுக்கக் கூடாது.

இனிச் சொட்டு மருந்துக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேட்க வேண்டும்.

மருந்துக் கடையில் போய் ‘நாய்க்குக் கண் சிவந்திருக்கு, ஏதாவது கொடுங்க’ என்று கேட்டால், பெரும்பாலும் ஒரு கூட்டு மருந்தை எடுத்துக் கொடுப்பார்கள். அதில் ஒரு கிருமிக்கொல்லி, கூடவே ஒரு ஸ்டீராய்டு. டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், பிரெட்னிசோலோன் இவற்றில் ஒன்று இருக்கும். பெயர் ‘சோன்’, ‘சோலோன்’ என்று முடிகிறதா என்று சீட்டைப் பாருங்கள். இந்த மருந்து செய்யும் வேலை என்ன? சிவப்பை அடக்கும், வீக்கத்தைக் குறைக்கும். போட்ட மறுநாளே கண் வெளுத்துத் தெரியும். வீட்டுக்காரருக்கு மகிழ்ச்சி. ஆனால் கருவிழியில் புண் இருந்தால், அந்த இரண்டு நாளில் நடப்பது வேறு. புண்ணை மூட ஓரங்களிலிருந்து நகர்ந்து வரும் மேல்தோலின் வேகத்தை ஸ்டீராய்டு குறைக்கிறது. கிருமியை எதிர்க்க வந்த காவலைத் திருப்பி அனுப்புகிறது. கருவிழியைக் கரைக்கும் நொதிகளுக்கு வழிவிடுகிறது. மேலே சிவப்பு மறைய மறைய, அடியில் புண் ஆழமாகிறது. மூன்றாம் நாள் கருவிழி சாம்பல் பூத்து, வழவழவென்று உருகத் தொடங்கும். சூடோமோனாஸ் போன்ற கிருமி புகுந்துவிட்டால் ஓரிரு நாளில் ஓட்டை விழும்.

நல்ல மருந்துதான், இடம் தவறிவிட்டது. இதே ஸ்டீராய்டு சொட்டு இல்லாவிட்டால் வேறு சில கண்கள் போய்விடும். விழியின் உள்ளே வீக்கம் வந்து, கண்பாப்பா சுருங்கி, உள்ளே ரத்தமோ சீழோ தேங்கும் நோய் ஒன்று உண்டு. அதற்கு ஸ்டீராய்டுதான் மருந்து. அதைக் கொடுக்கத் தயங்கினால் பார்வை போகும். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு இரண்டுமே சிவந்த, கலங்கிய, கூசுகிற கண். ஒன்றுக்கு உயிர் கொடுப்பது இன்னொன்றைக் கொல்லும். இரண்டையும் எப்படிப் பிரித்து அறிவது?

அதற்குத்தான் ஃப்ளோரசின் என்ற சாயம். 1871-இல் அடால்ஃப் ஃபான் பேயர் என்ற ஜெர்மன் வேதியியலாளர் உருவாக்கியது. இன்று அது சின்னக் காகிதப் பட்டையாக, கிருமி நீக்கிய உறையில் வருகிறது. சலைனில் நனைத்துக் கண்ணின் ஓரத்தில் தொடுவார்கள். கருவிழியின் மேல்தோல் நல்லபடியாக இருந்தால் சாயம் ஒட்டாமல் வழிந்துவிடும். மேல்தோல் உரிந்த இடத்தில் சாயம் அடித்திசுவில் ஊறி, நீல ஒளியில் பளீரென்று பச்சையாகத் தெரியும். புண்ணின் நீளம், அகலம், ஓரத்தின் வடிவம் எல்லாம் கண்ணெதிரே வந்து நிற்கும். விலை அதிகமில்லை. நேரம் சில நிமிடம். வலி இல்லை. சிவந்த கண்ணுக்கு இந்தச் சாயத்தைப் போட்டுப் பார்க்காமல் ஸ்டீராய்டு எழுதுவதை எந்தக் கால்நடை மருத்துவரிடமிருந்தும் நீங்கள் ஏற்றுக்கொள்ள வேண்டாம். ‘சாயம் போட்டுப் பார்த்தீர்களா டாக்டர்?’ என்று மரியாதையாகக் கேளுங்கள். நல்ல மருத்துவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஒரு நுணுக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். இங்கே கால்நடை மருத்துவ மாணவர்களும் இருக்கிறார்கள். சுற்றிலும் பச்சை வளையம், நடுவில் சாயமே ஏறாமல் கறுப்பாக ஒரு புள்ளி என்றால், நடுவில் ஆறிவிட்டது என்று மகிழாதீர்கள். அங்கே கருவிழி முழுவதும் கரைந்து கடைசிச் சவ்வு மட்டும் மிஞ்சியிருக்கலாம். அந்தச் சவ்வில் சாயம் ஏறாது. நாய் ஒரு முறை பலமாகக் குரைத்தாலும் அது கிழியலாம். அப்படிப்பட்ட கண்ணுக்கு அறுவைச் சிகிச்சை வேண்டும். பக்கத்து வெண்படலத்தை நறுக்கித் திருப்பி, ஓட்டையின் மேல் தைத்து, ரத்த ஓட்டத்தையே அங்கே கொண்டுவந்து சேர்ப்பார்கள்.

பாட்டி வைத்தியத்தைப் பற்றிக் கேட்டு ஒருவர் சீட்டு அனுப்பியிருக்கிறார். நந்தியாவட்டைப் பூச்சாறு, தாய்ப்பால், விளக்கெண்ணெய் எல்லாம் நம் வீடுகளில் கண்ணுக்குப் போட்டவைதான். மாட்டுக்குக் கண்ணில் பூ விழுந்தால் புகையிலையை மென்று துப்புவதும், உப்பை மென்று ஊதுவதும் கிராமத்தில் நடக்கிறது. அவர்கள் அன்பில் எனக்குச் சந்தேகமே கிடையாது. அந்த மாட்டுக்காரர் இரவு முழுக்கத் தூங்காமல் இருந்திருப்பார். ஆனால் திறந்த புண்ணில் புகையிலையும் உப்பும் கலந்த எச்சிலைத் துப்புவது புண்ணுக்குள் கிருமியை விதைப்பதுதான். பூவாகத் தெரிவது பல நேரம் புண் ஆறிய தழும்பு. ஊதினாலும் ஊதாவிட்டாலும் காலப்போக்கில் கொஞ்சம் மெலியும், பெருமை உப்புக்குப் போய்விடும்.

சாதாரணக் கீறலுக்குச் சிகிச்சை எளிது. ஸ்டீராய்டு இல்லாத கிருமிக்கொல்லிச் சொட்டு, டோப்ராமைசினோ ஆஃப்ளாக்சசினோ, மருத்துவர் சொன்னபடி ஒரு நாளைக்கு மூன்று நான்கு வேளை. வலிக்கு, பாப்பாவை விரிக்கும் அட்ரோபின். அது கசப்பு. கண்ணிலிருந்து ஒரு சிறு குழாய் மூக்குக்குள் இறங்குவதால் மருந்து மூக்கு வழியாக வாய்க்கு வந்து, நாய் நுரை தள்ளும். பயப்பட வேண்டியதில்லை. பாப்பா விரிந்திருக்கும் அந்த நாள்களில் வெயில் கூசும், நிழலில் கட்டுங்கள். நல்லபடி நடந்தால் ஒரு வாரத்துக்குள் மேல்தோல் மூடிவிடும். இரண்டு மூன்று நாளில் மறுபடி சாயம் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு வாரமாகியும் ஆறவில்லை என்றால் சொட்டை மாற்றிக்கொண்டே போவதில் பயன் இல்லை, காரணத்தைத் தேட வேண்டும். உள்பக்கம் வளர்ந்த இமை மயிர் உரசுகிறதா, இமையே உள்ளே சுருண்டிருக்கிறதா, மூன்றாம் இமைக்குப் பின்னால் புல் கதிர் ஒளிந்திருக்கிறதா, கண்ணீரே சுரக்கவில்லையா என்று பார்க்க வேண்டும். கண்ணீரை அளக்கக் கோடு போட்ட காகிதப் பட்டை உண்டு. இமையில் மாட்டி ஒரு நிமிடம் வைத்தால் 15 மில்லிமீட்டருக்கு மேல் நனைய வேண்டும். பத்துக்குக் கீழே என்றால் வறண்ட கண்.

உருகும் புண்ணுக்கு மணிக்கொரு முறை மருந்து. இங்கேதான் எனக்கு மிகப் பிடித்த சிகிச்சை ஒன்று வருகிறது. அந்த நாயின் ரத்தத்தையே சிறிது எடுத்து, உறையவிட்டு, மேலே தெளியும் சீரத்தைச் சொட்டு மருந்தாகக் கண்ணில் விடுவது. கருவிழியைக் கரைக்கும் நொதிகளைத் தடுக்கும் பொருள்கள் அதில் இயற்கையாகவே இருக்கின்றன. குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, கிருமி சேராமல் காத்து, சில நாளுக்கு ஒருமுறை புதிதாக எடுக்க வேண்டும். பணக்கார நாய்க்கும் லாரிப்பேட்டை நாய்க்கும் அந்த மருந்து ஒன்றே, விலை கொடுத்து வாங்க வேண்டியதும் இல்லை. இரவிலும் மணிக்கொரு முறை எழுந்து விட ஒரு ஆள்தான் வேண்டும். அந்த ஆள் கிடைத்த நாய்கள் பிழைத்திருக்கின்றன.

கழுத்தில் மாட்டும் புனல் பட்டையை ‘பாவம், கஷ்டப்படுது’ என்று கழற்றிவிடாதீர்கள். பின்னங்காலால் ஒரே ஒரு தேய்ப்பு, பத்து நாள் மருந்தை வீணாக்கும். கடையில் வாங்க வசதி இல்லையென்றால் பிளாஸ்டிக் வாளியின் அடியை வெட்டி, ஓரத்தில் துணி சுற்றி மாட்டலாம். சொட்டு விடும்போது நாய்க்கு எதிரே நின்று குப்பியை நீட்டினால் அது மிரளும். பின்னால் நின்று, தாடையைத் தூக்கி, மேலிமையை உயர்த்தி, மேலிருந்து விடுங்கள். குப்பி முனை கண்ணில் படக் கூடாது. ஒரு மருந்துக்கும் அடுத்த மருந்துக்கும் ஐந்து நிமிடம் இடைவெளி. களிம்பு கடைசியில். திறந்து ஒரு மாதமான குப்பியைத் தூக்கிப் போடுங்கள். கண்ணை மரத்துப்போகச் செய்யும் சொட்டு பரிசோதனைக்கு மட்டும்தான். வீட்டுக்குக் கேட்டு வாங்காதீர்கள், அது புண்ணை ஆறவிடாது. நமக்குப் போடும் வலி மாத்திரை எதையும் நாய்க்குக் கொடுக்காதீர்கள்.

மோப்ப நாய் வைத்திருப்பவர்களுக்கு ஒரு கூடுதல் சொல். உடம்பு முழுக்கப் போகும்படி ஸ்டீராய்டு கொடுத்த நாய்களுக்கு மோப்பத் திறன் குறைந்ததை 1992-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியிருக்கிறது. கண்ணுக்கோ தோலுக்கோ நீண்ட நாள் ஸ்டீராய்டு ஊசியோ மாத்திரையோ கொடுக்க நேர்ந்தால், வெடிமருந்து தேடும் பணிக்கு அனுப்பும் முன் அந்த நாயைச் சோதித்துப் பார்ப்பது நல்லது.

சில சிவந்த கண்களின் காரணம் கண்ணில் இருக்காது, ரத்தத்தில் இருக்கும். உண்ணிக் காய்ச்சலைச் சொல்கிறேன். நம் சால் குடியிருப்புகளில், நாய்க் கூண்டுகளில், சுவர் வெடிப்புகளில் குடியிருக்கும் பழுப்பு உண்ணி எர்லிக்கியா என்ற கிருமியைப் பரப்புகிறது. நாய் சோர்ந்து, உணவு குறைந்து, தட்டணுக்கள் விழுந்து, ஈறிலும் மூக்கிலும் ரத்தம் கசியும். விழிக்குள்ளேயும் ரத்தம் கட்டும். விழித்திரை பிரிந்து ஒரே இரவில் குருடாகும். இந்தக் கிருமியை 1935-இல் அல்ஜீரியாவில் கண்டறிந்தார்கள். இந்தியாவில் முதல் பதிவு 1944-இல் சென்னையில்தான். அப்போது உலகம் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு சிங்கப்பூரில் பிரிட்டிஷ் ராணுவ நாய்களிடமும், வியட்நாம் போரில் அமெரிக்க ராணுவ நாய்களிடமும் அது பரவி, நூற்றுக்கணக்கான வேலை நாய்கள், குறிப்பாக ஜெர்மன் ஷெப்பர்டுகள், ரத்தம் கசிந்து மடிந்த பிறகுதான் விழித்துக்கொண்டார்கள். இன்று டாக்சிசைக்ளின் நான்கு வாரம் கொடுத்தால் நேரத்தோடு பிடித்த நாயைக் காப்பாற்றலாம். சிவந்த கண்ணோடு வரும் நாயின் காது மடிப்பையும் விரலிடுக்கையும் பாருங்கள். உண்ணி இருந்தால் ரத்தப் பரிசோதனை கேளுங்கள்.

இரண்டு கண்ணிலும் மஞ்சள் பீளை, கூடவே இருமல், வலிப்பு என்றால் டிஸ்டெம்பர் நோயாக இருக்கலாம். தடுப்பூசி போட்ட நாய்க்கு அநேகமாக வராது. நமக்கு வரும் ‘மெட்ராஸ் ஐ’ நாயிடமிருந்து தொற்றியது என்று பழி போடாதீர்கள், அது மனிதர்களுக்குள் பரவும் வைரஸ். ஜெர்மன் ஷெப்பர்டுக்குக் கருவிழியின் வெளியோரத்திலிருந்து செந்திரை படர்ந்து வந்தால் அது புண் அல்ல, வெயிலில் கூடும் ஒரு நோய். வாழ்நாள் முழுக்க மருந்து விட்டால் பார்வை நிற்கும். லாப்ரடாருக்கு மாலை மங்கும் நேரத்தில் படியிறங்கத் தயக்கம் வந்தால் விழித்திரை பரம்பரையாகத் தேய்கிறதோ என்று பார்க்க வேண்டும். விழி பெரிதாகி, நீலம் பாய்ந்து, நாய் சுவரில் தலையை அழுத்தினால் கண்ணழுத்தம். அதற்கு மறுநாள் வரை காத்திருக்க நேரமில்லை.

எங்கே கொண்டு போவது? வடாலாவிலிருந்து பரேல் பக்கம்தான். தின்ஷா மானெக்ஜி பெட்டிட் தம் மனைவி சக்கர்பாயின் பெயரில் பொருள் கொடுக்க, 1884-இல் திறக்கப்பட்ட விலங்கு மருத்துவமனை அங்கே இன்றும் இயங்குகிறது. பம்பாய்க் கால்நடை மருத்துவக் கல்லூரி 1886-இல் அதையொட்டித்தான் தொடங்கியது. மகாலட்சுமியில் டாட்டா அறக்கட்டளையின் சிறு விலங்கு மருத்துவமனை 2024-இல் வந்திருக்கிறது. ட்ரக் டெர்மினல் நண்பர்களே, நாய் யாருடையது என்று தெரியவில்லை, யார் கொண்டு போவது என்ற கேள்வியிலேயே இரண்டு நாள் போய்விடுகிறது. அந்த இரண்டு நாள்தான் கண். இரவு அந்த நாய் குரைத்து யார் சரக்கைக் காத்ததோ அவர் வண்டி பிடித்துக் கொண்டு போகட்டும்.

காலையில் ஒரு நிமிடம் போதும். நாயை வெளிச்சத்துக்கு எதிரே உட்காரவைத்து இரண்டு கண்ணும் ஒரே அளவு திறந்திருக்கிறதா, ஒன்றில் மட்டும் நீர் வடிந்த கறை இருக்கிறதா, கருவிழி பளபளக்கிறதா என்று பாருங்கள். ஒரு கண்ணை மூடி, இன்னொரு கண் முன்னால் பஞ்சு உருண்டையை மேலிருந்து கீழே விடுங்கள். பஞ்சுக்குச் சத்தமில்லை, மணமும் அநேகமாக இல்லை. தலை அதைத் தொடர்ந்தால் அந்தக் கண் பார்க்கிறது. கையாளர்கள் தினசரிப் பதிவேட்டில் எடை, உணவு, மலம் எழுதுகிறார்கள். அதோடு கண் என்று ஒரு பத்தியும் சேர்க்க வேண்டும் என்று அதிகாரிகளைக் கேட்டுக்கொள்கிறேன். கண்ணின் நோயை மூக்கு காட்டிக் கொடுக்காது.

கடைசியாக வந்த சீட்டில், கண் ஒன்றை எடுத்துவிட்ட நாய் இனி வேலைக்கு ஆகுமா என்று கேட்டிருக்கிறார்கள். ஆகும். பார்வையும் போய் வலியும் ஓயாத கண்ணை எடுத்துவிட்டால் நாய் சில நாளிலேயே நன்றாகச் சாப்பிட்டு விளையாடத் தொடங்கிவிடுகிறது. அத்தனை நாள் அது பொறுத்துக்கொண்டிருந்த வலி எவ்வளவு என்பது அப்போதுதான் நமக்குத் தெரிகிறது. தாவும் தூரத்தை அளப்பதில் கொஞ்சம் தடுமாறும், சில வாரத்தில் பழகிக்கொள்ளும். மோப்ப வேலைக்கு வைத்துக்கொள்வதானால் கையாளர் கண்ணில்லாத பக்கமாக நடக்கட்டும், தொடுவதற்கு முன் பெயர் சொல்லிக் கூப்பிடட்டும், பணிக்கு அனுப்பும் முன் மருத்துவரும் கையாளரும் சேர்ந்து சோதித்து முடிவு செய்யட்டும். லாரிப்பேட்டை நாய்க்கு இருக்கும் ஆபத்து வேறு. கண்ணில்லாத பக்கமாகப் பின்னோக்கி வரும் வண்டியை அது பார்க்காது, எஞ்சின் இரைச்சலுக்கு நடுவே திசையும் பிடிபடாது. வண்டி திரும்பும் இடத்திலிருந்து அதன் படுக்கையை மாற்றி, கண்ணில்லாத பக்கம் சுவரோரமாக வரும்படி சாக்கை விரித்துக் கொடுங்கள்.